வாசகர் கேள்வி: விண்வெளி நிலையத்தில் பம்ப், பனியன், குடிதண்ணீர்

விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் தங்கித் திரும்பியவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். ஜன்னல் வழியே பூமியைப் பார்த்து உருகிய பக்கங்களைப் பற்றிக் கடிதம் வரும் என்று நினைத்தோம். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து வந்த கடிதங்களில் அதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. பம்ப் எப்படி ஓடுகிறது, துணியை என்ன செய்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எங்களுக்கும் அதுதான் சௌகரியம். அந்தப் புத்தகங்களிலும் பக்கம் பக்கமாக ரிப்பேர் வேலைதானே ஓடுகிறது.

மோட்டார் பம்ப் அசெம்பிளியில வேலை பாக்கறேனுங்க. விண்வெளியில நடந்துட்டிருந்த ஒருத்தருக்கு ஹெல்மெட்டுக்குள்ள தண்ணி நெறஞ்சு மூச்சு முட்டுச்சுன்னு எழுதியிருந்தீங்க. ஒரு சொட்டு தண்ணியில்லாத எடத்துல ஹெல்மெட்டுக்குள்ள தண்ணி எப்படிங்க வந்துச்சு? பம்புல கோளாறா?
— வாசகர், கணபதி, கோவை

பம்பில் கோளாறு இல்லை. பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் பாகத்தில்.

2013 ஜூலை 16 அன்று இத்தாலி வீரர் லூகா பார்மிட்டானோவுக்கு நடந்தது அது. விண்வெளி உடைக்குள் இரண்டு சுற்றுகள் ஓடுகின்றன. ஒன்று தண்ணீர்ச் சுற்று: உள்ளாடையில் தைத்திருக்கும் ஏறத்தாழ 90 மீட்டர் மெல்லிய குழாய்களில் தண்ணீர் ஓடி உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு முதுகுப் பெட்டிக்குப் போகும். இன்னொன்று காற்றுச் சுற்று: விசிறி தள்ளும் ஆக்சிஜன் தலைக்குப் பின்புறத் துளை வழியே ஹெல்மெட்டுக்குள் வந்து, முகத்தைத் தாண்டி, கை கால் வழியாகத் திரும்பும். வியர்வையும் மூச்சு ஈரமும் இந்தக் காற்றோடு சேர்ந்து வரும். அந்த ஈரத்தைப் பிரித்தெடுக்காவிட்டால் கண்ணாடி மூடிக்கொள்ளும்.

இங்கே தொட்டியில் விட்டால் தண்ணீர் கீழே, காற்று மேலே. அங்கே கீழே மேலே என்பதே கிடையாது. காற்றும் தண்ணீரும் நுரை நுரையாகக் கலந்தபடியே கிடக்கும். அதனால் சுழற்றித்தான் பிரிக்க வேண்டும். குளிர்ந்து திரண்ட ஈரத்தைக் கொஞ்சம் காற்றோடு உறிஞ்சி, வேகமாகச் சுழலும் ஒரு சின்ன டிரம்முக்குள் விடுகிறார்கள். தண்ணீர் டிரம் சுவரில் ஒட்டும். அங்கே முகம் காட்டி நிற்கும் ஒரு குழாய் அதை வாங்கித் தொட்டிக்கு அனுப்பும். காற்று விசிறிக்குத் திரும்பும். விசிறி, பம்ப், டிரம் மூன்றையும் ஓட்டுவது ஒரே மோட்டார். மையவிலக்கு பம்பைக் கழற்றி மாட்டும் உங்களுக்கு இதற்கு மேல் படம் போட வேண்டியதில்லை.

டிரம்மில் தண்ணீர் போகும் துளைகள் மிகச் சிறியவை. தண்ணீரோடு வந்த சிலிக்கா படிந்து அவை அடைத்துக்கொண்டன. போக வழியில்லாத தண்ணீர் காற்றுப் பாதைக்குள் பொங்கியது. மோட்டார் நிற்கவில்லை, விசிறி அந்தத் தண்ணீரையும் சேர்த்துத் தலைக்குப் பின்புறத் துளைக்குத் தள்ளியது. இறங்கிய முக்கால் மணி நேரத்தில் பிடரியில் ஈரம் தெரிந்திருக்கிறது. எடை இல்லாததால் தண்ணீர் கழுத்துக்கு இறங்காது, தோலில் ஒட்டியபடி முன்னால் ஊர்ந்து வரும். தலையை ஆட்டினால் இன்னும் பரவும். கண், காது, மூக்கு வரை மூடிவிட்டது. போதாக்குறைக்குச் சூரியனும் மறைந்த நேரம். தன்னைக் கட்டியிருந்த கம்பியின் இழுப்பைப் பிடித்துக்கொண்டே தடவித் தடவி ஏர்லாக்குக்கு (நிலையத்துக்குள் நுழையும் காற்றுப் பூட்டு அறை) வந்து சேர்ந்தார். உள்ளே வந்து பார்த்தபோது ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர்.

உங்கள் தொழிலுக்கு இதில் ஒரு விஷயம் உண்டு. இதே உடையில் ஒரு வாரம் முன்பு, ஜூலை 9-லும் தண்ணீர் இருந்தது. குடிநீர்ப் பை கசிந்திருக்கும் என்று முடிவு கட்டி, பையை மாற்றி, அதே உடையை மறுபடி வெளியே அனுப்பினார்கள். கசிவு எங்கே என்று சுவடு பிடிக்காமல் சந்தேகப்பட்ட பாகத்தை மாற்றிவிட்டு ஜாப் கார்டை மூடுவது நாசாவிலும் நடக்கிறது! விசாரணைக் குழு குறிப்பிட்டதும் இதைத்தான். அதற்குப் பிறகு தலைக்குப் பின்னால் உறிஞ்சு பஞ்சு வைத்தார்கள். வாயருகிலிருந்து வயிற்றுப் பக்கம் வரை ஒரு மூச்சுக் குழாயும் வைத்தார்கள். ஹெல்மெட்டில் தண்ணீர் நிறைந்தாலும் உடைக்குள் கீழே இருக்கும் காற்றை இழுத்துக்கொள்ளலாம்.

பம்பே பழுதான கதை வேறு. நிலையத்தின் சூட்டை வெளியேற்றும் பம்ப் கட்டமைப்புகளில் ஒன்று 2010 ஜூலை 31-இல் நின்று, பாதிக் குளிரூட்டல் போய்விட்டது. உள்ளே ஓடுவது தண்ணீர். வெளியே ஓடுவது அம்மோனியா. வெளியில் தண்ணீர் விட்டால் உறைந்து குழாய் வெடிக்கும். அம்மோனியா மைனஸ் 77 டிகிரி வரை உறையாது. ஆனால் விஷம் என்பதால் ஆள் இருக்கும் பக்கம் விடமாட்டார்கள், வெப்பம் மட்டும் தகட்டு வழியாகக் கை மாறும். பழுதான பெட்டி ஏறத்தாழ 355 கிலோ. அங்கே அதற்கு எடை இல்லை, ஆனால் நிறை அப்படியே இருக்கிறது; நகர ஆரம்பித்தால் நிறுத்துவதற்கு இங்கே வேண்டிய அதே பலம் வேண்டும். முதல் நாள் ஓர் அம்மோனியா இணைப்பு கழலவில்லை, கழன்றபோது கசிந்தது. வெளியே போன வீரர் டக்ளஸ் வீலாக் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் அளவுக்குப் போனது. மூன்று முறை வெளியே போய்த்தான் மாற்றி முடித்தார்கள்.

அங்க துணி தொவைக்கறதில்லையாமே, நெசமுங்களா? எந்த நூல், எத்தன நாளைக்கு ஒரு பனியன்? ஆர்டர் புடிக்க வழியிருக்கான்னு எங்க முதலாளி கேக்கறாருங்க.
— வாசகர், அனுப்பர்பாளையம், திருப்பூர்

நிஜம்தான். சலவை இயந்திரம் கிடையாது. உள்ளாடை இரண்டு நாளைக்கு ஒன்று, உடற்பயிற்சி பனியன் வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் போட்டு, நாற்றம் தாங்காதபோது மூட்டை கட்டிச் சரக்குக் கலத்தில் ஏற்றிவிடுவார்கள். அந்தக் கலம் காற்று மண்டலத்தில் நுழையும்போது குப்பையோடு எரிந்து சாம்பலாகும். ஆளுக்கு வருடத்துக்கு 70 கிலோவுக்கு மேல் துணி மேலே போகிறது. நிலாவுக்கும் செவ்வாய்க்கும் இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது என்பதால் 2021-இல் ஒரு சலவைத்தூள் நிறுவனத்தோடு நாசா ஒப்பந்தம் போட்டது. சலவைத் தண்ணீரும் மறுபடி குடிதண்ணீராக வேண்டும் என்பதால் நுரையும் மணமும் தரும் சரக்கு எதுவும் ஒத்துவராது.

நூல் விஷயத்துக்கு வருவோம். பருத்திதான் அதிகம் போகிறது. மெரினோ கம்பளியும் உண்டு, நாற்றம் சீக்கிரம் பிடிக்காது. பருத்தியின் குறை பஞ்சுத் துகள். நிட்டிங் யூனிட்டில் துகள் தரையில் படியும், பெருக்கிவிடலாம். அங்கே மிதந்துபோய்க் காற்று உறிஞ்சும் வலையில் மெத்தை போல் சேரும். வாராவாரம் வேக்குவம் போடாவிட்டால் காற்றோட்டம் குறையும், சூடு ஏறும், புகை காட்டும் கருவி வீணாக அலறும். ஆகவே பஞ்சுத் துகள் விடாத, சீப்பிட்ட நூல், வெட்டு விளிம்பு எதுவும் வெளியே தெரியாத தையல்.

அளவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எடை இல்லாததால் முதுகெலும்பு நீண்டு, உயரம் 3 சதவீதம் வரை கூடும். 170 சென்டிமீட்டர் ஆள் 175-ஐத் தொடலாம். பனியனும் தொங்காது, மிதந்து மேலேறும். உடம்பு நீளம் கூடுதலாக, கீழ் விளிம்பு கொஞ்சம் பிடிப்பாக இருக்க வேண்டும். வியர்வை வழியவும் வழியாது, தோல் மேல் பசை போல் திரண்டு நிற்கும். துணிதான் அதை உறிஞ்ச வேண்டும். ஈரத் துணியைக் காற்று வரும் இடத்தில் மாட்டிவிடுவார்கள். ஆவியாகும் வியர்வை குளிரூட்டியில் தண்ணீராகிக் குடிதண்ணீர்க் கணக்கில் சேர்ந்துவிடும். கால்சட்டையில் பாக்கெட்டை விட வெல்க்ரோ பட்டைக்குத்தான் மதிப்பு: பேனா, கத்தரி, கரண்டி எல்லாம் அதில்தான் ஒட்டியிருக்கும்.

சாக்ஸ் தனி விஷயம். அங்கே யாரும் பாதத்தை ஊன்றி நடப்பதில்லை. நிற்க வேண்டுமானால் தரையில் இருக்கும் கம்பிக்கு அடியில் கால் விரல்களைக் கொக்கியாக மாட்டிக்கொள்வார்கள். சில வாரங்களில் உள்ளங்கால் தோல் இளகி உரியும், பாதத்தின் மேற்புறம் காய்ப்பு ஏறும். அதனால் சாக்ஸுக்கு மெத்தை மேலே வேண்டும், அடியில் வேண்டியதில்லை. கழற்றும்போது உள்புறம் வெளியே வராமல் மெல்ல உருவி உடனே பையில் போட வேண்டும். உதறினால் உரிந்த தோல் முழுவதும் அடுத்தவர் முகத்துக்கு முன்னால் மிதக்கும்.

ஆர்டர் விஷயத்தில் எங்களால் உதவ முடியாது. வழக்கமாக ஏழு பேர்தான் அங்கே இருக்கிறார்கள் என்பதை மட்டும் முதலாளியிடம் சொல்லிவிடுங்கள்.

மூத்திரத்தச் சுத்தம் பண்ணிக் குடிக்கறாங்கன்னு படிச்சு எங்கூட்டுல சண்டையே வந்துருச்சுங்க. எங்க போர் தண்ணியில ஹீட்டர் காயிலே வெள்ளையா உப்புக் கட்டி நின்னுபோகுது. அங்க அந்த மெஷினுக்கு உப்புக் கட்டாதுங்களா?
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

கட்டியது. இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை, பாராட்டுகள்.

முதலில் முறை. கழிப்பறையில் தண்ணீர் கிடையாது, காற்று இழுப்புதான். ஒவ்வொருவருக்கும் தனிப் புனல், அது ஒரு குழாயில் மாட்டும், விசிறி இழுக்கும். சிறுநீரில் உடனே அமிலமும் குரோமியம் சேர்ந்த மருந்தும் கலக்கப்படும், கிருமி வளராமலும் யூரியா சிதையாமலும் இருக்க. பிறகு காற்றழுத்தம் குறைத்த, சுழலும் டிரம்மில் காய்ச்சி வடிப்பார்கள். சும்மா கொதிக்கவைத்தால் ஆவியும் திரவமும் பிரியாது என்பதால் இங்கேயும் சுழற்சிதான். அப்படி வந்த தண்ணீரோடு வியர்வைத் தண்ணீரும் சேர்ந்து வடிகட்டிப் படுகைகள் வழியாகப் போகும், மிச்சமிருக்கும் கரிமச் சரக்கைச் சூடான வினையூக்கிக் கலம் எரித்துவிடும், கடைசியில் அயோடின். குடிக்கும் முன் அயோடினையும் எடுத்துவிடுவார்கள். மின்கடத்தல் சரியில்லை என்று உணரி சொன்னால் தண்ணீர் தொட்டிக்குப் போகாது, திரும்ப ஆரம்பத்துக்கே போகும். குழாயில் வருவது நம் ஊரில் கேன் விலைக்கு வாங்குவதை விடச் சுத்தம்.

இனி உங்கள் உப்பு. 2008-இல் நிறுவிய வடிகலன் 2009-இல் அடைத்துக்கொண்டது. திறந்து பார்த்தால் கால்சியம் சல்பேட் கட்டி. பூமியில் சோதித்தபோது இது தெரியவில்லை, காரணம் சிறுநீர் வேறு. எடை தாங்காத எலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை கரைகிறது. அந்தக் கால்சியம் சிறுநீரில்தான் வெளியேறும். முன்பதப்படுத்தச் சேர்த்த கந்தக அமிலத்தில் சல்பேட் இருந்தது. இரண்டும் சேர்ந்து, தண்ணீர் வற்ற வற்றப் படிந்தது. உடனடி வழி, கடைசி வரை வற்ற விடாமல் முன்கூட்டியே நிறுத்துவது. அதனால் மீட்கும் அளவு 85 சதவீதத்திலிருந்து இறங்கியது. நிரந்தர வழி, கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலம். உங்கள் ஹீட்டருக்கு இந்த வைத்தியம் வேண்டாம். காயிலை மாதம் ஒருமுறை வினிகரில் ஊறப்போடுங்கள், போதும்.

எஞ்சிய கரைசலையும் இப்போது விடுவதில்லை. சவ்வுப் பையில் ஊற்றிச் சூடான காற்றை வீசி அந்த ஈரத்தையும் பிடிக்கிறார்கள். இதனால் 2023-இல் மொத்த மீட்பு 98 சதவீதத்தைத் தொட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3.8 லிட்டர் வேண்டியிருக்கிறது என்றால் இதன் மதிப்பு புரியும். சண்டையில் யார் பக்கம் நிற்பது என்று கேட்காதீர்கள்.

அரிசிம்பருப்புச் சோறு கொண்டுபோகலாமுங்களா?
— வாசகி, அவிநாசி

தாராளமாக, குழைவாக இருந்தால். கரண்டியில் ஒட்டும் எதுவும் அங்கே நல்ல சாப்பாடு, ஒட்டாதது பறக்கும். உதிரி உதிரியாக வடித்த சோறு வேண்டாம். நெய் ஊற்றிக் குழைத்து, பையில் அடைத்து, 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்கினால் குளிர்பதனம் இல்லாமல் மாதக்கணக்கில் நிற்கும். மேலே தாளித்துக் கொட்டுவதை விட்டுவிடுங்கள்: கடுகு உருண்டு காற்று வலைக்குப் போகும். முறுக்கு, அப்பளம் கூடவே கூடாது. துகள் கண்ணிலும் மூச்சிலும் ஏறும். ரொட்டிக்குப் பதில் மெல்லிய டார்ட்டியாவும், உப்பைத் தண்ணீரிலும் மிளகை எண்ணெயிலும் கரைத்த சொட்டுக் குப்பியும் அங்கே இருப்பது இதனால்தான். காரம் ஒரு கை கூடுதலாகப் போடுங்கள். இரத்தமும் நீரும் தலைப் பக்கம் ஏறி மூக்கு அடைத்தாற்போல் இருப்பதால் ருசி மங்கும். மிளகாய்ச் சாஸுக்கு அங்கே எப்போதும் கிராக்கி. 2025 ஜூனில் போன இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா கேரட் அல்வா, பாசிப்பருப்பு அல்வா, மாம்பழச் சாறு கொண்டுபோனார். மூன்றும் ஒட்டும் ரகம்.

தூங்கறப்ப காத்தாடி நின்னுபோனா என்னாகுங்க?
— மாணவி, பொள்ளாச்சி

தலைவலியோடு விழிப்பீர்கள். எடை இல்லாத இடத்தில் சூடான காற்று மேலே ஏறாது. விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே தங்கி, அதையே திரும்ப இழுக்க நேரும். ஆகவே சுவரில் கட்டிய தூக்கப் பைக்குப் பக்கத்தில் காற்று வரும் துளை கட்டாயம். விசிறிச் சத்தம் ஓயாததால் காதில் அடைப்பான் வைத்துத் தூங்குபவர்களும் உண்டு. அந்தக் காற்றோட்டத்தால் ஒரு லாபம்: தொலைந்த திருகாணி, மூடி, பேனா எல்லாம் ஒரு நாளில் உறிஞ்சு வலையில் வந்து ஒட்டியிருக்கும். ஆனால் அமெரிக்க வீரர் ஃபிராங்க் ரூபியோ 2023-இல் தொலைத்த குட்டித் தக்காளி வலைக்கும் வரவில்லை. அவர் தின்றுவிட்டார் என்றே கேலி செய்தார்கள். பல மாதம் கழித்து, அவர் ஊர் திரும்பிய பிறகு, வற்றிச் சுருங்கிக் கிடைத்தது.

எங்க தோட்டத்துல இருந்து அந்த நிலையத்தப் பாக்க முடியுங்களா? காலேஜ் படிக்கற பையன் ரேடியோவுலயும் கேக்கலாங்கறான்.
— வாசகர், மூலனூர்

இரண்டும் முடியும், கோவைக்காரர்களை விட உங்களுக்கு வசதி அதிகம். இருட்டு வானம், மழை மறைவுப் பகுதி. ஆடி மாதக் காற்றோடு பாலக்காட்டுக் கணவாய் வழி வரும் மேகம் ஓய்ந்த பிறகு, மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம்.

பொழுது சாய்ந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், அல்லது விடியலுக்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தில் பாருங்கள். தரையில் இருட்டியிருந்தாலும் 400 கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கும். அந்த வெயில் பட்டுத்தான் அது மின்னுகிறது. நம் பகுதியில் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகவோ, வடமேற்கிலிருந்து தென்கிழக்காகவோ போகும். வெள்ளியைப் போல் பளிச்சென்று, கண் சிமிட்டாமல், ஒரே சீராக நகரும். வானத்தைக் கடக்க ஆறு நிமிடம் போல ஆகும். சிவப்பு, பச்சை விளக்கு மினுங்கினால் அது பீளமேட்டுக்கு இறங்கும் விமானம். மாலையில் பாதி வழியில் திடீரென்று அணைந்துபோனால் பயப்பட வேண்டாம், பூமியின் நிழலுக்குள் போயிருக்கிறது. நேரத்தை நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' செயலியில் ஊர் பெயர் கொடுத்துப் பார்க்கலாம். தொடுவானத்திலிருந்து உச்ச உயரம் 40 டிகிரிக்கு மேல் போட்டிருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

ரேடியோவுக்கு அலைவரிசை 145.800 மெகாஹெர்ட்ஸ், எஃப்.எம். பள்ளி மாணவர்களோடு வீரர்கள் பேசும் நாட்களில் வீரர் குரல் இதில் வரும். படம் அனுப்பும் நாட்களில் கீச்சு கீச்சென்ற ஒலி வரும், அதைச் செல்போன் செயலியே படமாக்கிவிடும். இந்த அலைவரிசையில் அனுப்பும் வசதியுள்ள வாக்கி டாக்கி வைத்திருக்க ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் வேண்டும் என்பதால், கேட்க மட்டும் செய்யும் யு.எஸ்.பி. எஸ்.டி.ஆர். டாங்கிளை (கணினியை ரேடியோவாக்கும் சின்னக் கருவி)ப் பையன் கணினியில் செருகட்டும். கூடவே வரும் சின்ன ஆண்டெனா போதாது. 49 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு அலுமினியக் கம்பிகள் வெட்டி, 120 டிகிரி கோணத்தில் வி வடிவில் படுக்கையாக வைத்து, ஒன்றில் கோ-ஆக்சியல் வயரின் நடுக்கம்பி, மற்றதில் வலைக்கம்பி. மொட்டை மாடியில் தகரக் கூரையை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள்.

நிலையம் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் வருவதால் அலைவரிசை நகரும். தொடுவானத்தில் தோன்றும்போது 145.803, தலைக்கு மேல் 145.800, போகும்போது 145.797 என்று மாற்றிக்கொண்டே வர வேண்டும். குரல் கரகரத்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், ஆண்டெனாவை அல்ல. ரேடியோவுக்கு இருட்டு தேவையில்லை, நடுப்பகலிலும் கேட்கும். ஒரு சுற்றில் தவறவிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி வரும், ஆனால் அதற்குள் பூமி சுழன்றிருப்பதால் பாதை 2,500 கிலோமீட்டர் மேற்கே தள்ளியிருக்கும். முதல் சுற்று உங்களுக்குக் கிழக்கே போயிருந்தால் மட்டும் காத்திருங்கள்; தலைக்கு மேலேயே போயிருந்தால் டாங்கிளைக் கழற்றிவிட்டு அடுத்த நாள் நேரத்தைப் பாருங்கள்.